அந்நியர் அமரும் இடம்

போன பங்குனியில் என் அண்ணனின் பேரனுக்குக் கல்யாணம் நடந்தது. பெண் கோயம்புத்தூர்ப் பக்கம். வந்த கூட்டமெல்லாம் கலைந்த நாலாம் நாள் மத்தியானம், அந்தப் பெண் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே ஒரு சிமிண்டுத் தொட்டி உண்டு. அதன்மேல் மூடியாக ஒரு தேக்குப் பலகை கிடக்கும். அடுக்களையிலிருந்து அவளுடைய மாமியார், கரண்டியும் கையுமாக, "தாயி, அந்நியரை வெளிய வச்சிட்டு மோந்து குடி" என்று குரல் கொடுத்தாள். எங்கள் வீட்டில் தினமும் பத்துத் தடவை கேட்கிற வாக்கியம்தான். அந்தப் பெண் குடிக்காமலேயே திரும்பி வந்தாள். கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. "நான் வந்து நாலு நாள்தாங்க தாத்தா ஆச்சு. அதுக்குள்ள என்னை அந்நியம்னு வெளிய வெக்கறாங்க" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது, அவள் அழுதே விட்டாள். பிறகு அவளைத் தொட்டிக்கு அழைத்துப் போய், பலகையின்மேல் தண்ணீர் தெளித்து உள்ளங்கையால் தேய்த்துக் காட்டினேன். ஐம்பது வருஷத்துக் கையும் குடமும் பட்டு மழுங்கிய எழுத்துக்கள் ஈரத்தில் எழுந்து வந்தன. அந்நியர் அமரும் இடம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, முன்னைவிடக் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "செதுக்கினது ஆசாரி. வார்த்தை என்னுது. இந்த வார்த்தையாலே முதல்லே அந்நியமாப் போனது நீ இல்லை, உன் புருஷனோட பாட்டி" என்றேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுடைய புருஷனுக்குப் பாட்டி என்றால் எனக்கு அண்ணன் மனைவி. எங்கள் பக்கம் மதினி என்போம்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரன் இன்னும் போகாத சமயம். நான் அப்போது நகரசபை ஆபீசில் மொழிபெயர்ப்புக் குமாஸ்தா. எந்த நகரசபை என்று கேட்காதீர்கள், தூத்துக்குடிக் கரைதான், அவ்வளவு போதும். எனக்கு இருபத்தைந்து வயது. இங்கிலீஷும் தமிழும் என்னைப்போல் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் கிடையாது என்று நினைப்பு. நினைப்பு என்ன, திமிர்தான். மேனேஜர் மட்டும் விதிவிலக்கு. அவர் பெருமாள் கோயில் ஊர்க்காரர். நெற்றியில் திருமண், கையில் சிவப்பு மசிப் பேனா. காற்புள்ளி ஒன்று இடம் மாறினாலும் காகிதம் திரும்பி வரும். விதிப் புத்தகத்தில் உள்ளது நடக்கும், இல்லாதது நடக்காது, அவ்வளவுதான் அவர் கட்சி. அவரிடம் ஒரு நல்ல வார்த்தை வாங்குவது எனக்குச் சம்பள உயர்வுக்குச் சமம்.

சபை எப்படிக் கூட வேண்டும், யார் பேசலாம், யார் மனுக் கொடுக்கலாம், ஜனங்கள் எங்கே உட்கார வேண்டும் என்றெல்லாம் ஒரு பழைய இங்கிலீஷ் விதித் தொகுப்பு இருந்தது. சுதந்திரம் வரப்போகிறது, இனி ஊர் ஜனங்கள் படிக்கிற மாதிரித் தமிழில் இருக்க வேண்டும், காலத்துக்கு ஒவ்வாததைத் திருத்தவும் வேண்டும் என்று சபை தீர்மானித்து, மூன்று மெம்பர்கள் கொண்ட ஒரு கமிட்டியைப் போட்டது. தமிழ் வரைவு என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் அதே வேலை. பழைய தொகுப்பில் சபையைப் பார்க்க வருகிற ஜனங்களுக்கு ஒரு பெயர் இருந்தது, ‘ஸ்டிரேஞ்சர்ஸ்.’ லண்டன் பார்லிமெண்டில் மெம்பரல்லாத எவரையும் அப்படித்தான் சொல்வார்களாம். அது எனக்குத் தெரியாது. அகராதியை எடுத்தேன், ‘அந்நியர்’ என்றிருந்தது. போட்டுவிட்டேன். பொதுஜனங்கள் என்று போட்டால் போயிற்று என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அதற்கு இங்கிலீஷில் வேறு வார்த்தை அதே புத்தகத்தில் இருந்ததே. ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தைதான் என்பது என் வீம்பு. மேனேஜர் படித்துவிட்டு, "நன்னா வந்திருக்கு ஓய், அட்சரம் பிசகலை" என்றார். அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

சேர்மனுக்கு அவசரம். வரைவு முழுவதும் அமலுக்கு வருமுன்பே, சபைக் கூடத்தில் உட்காரும் ஒழுங்கை மட்டும் உடனே கொண்டுவரச் சொன்னார். மேனேஜர் ஆசாரியை வரவழைத்தார். வர்ணத்தில் எழுதினால் உப்புக்காற்று தின்றுவிடும், விதி என்றால் நிலைக்க வேண்டும் என்று, உடைத்த தோணி ஒன்றின் தேக்குப் பலகையில் உளியால் செதுக்கி வெள்ளை பூசச் சொன்னார். கூடத்தின் பின்வரிசைப் பெஞ்சுகளுக்கு மேலே அது ஏறியது. வரைவை ஆபீஸ் வாசலிலும் மார்க்கெட்டிலும் துறைமுகக் கேட்டிலும் ஒட்டினோம். கூடவே ஒரு நோட்டீஸ்: முப்பது நாளைக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். அதையும் எழுதியவன் நான்தான்.

மூன்றாம் நாளே ஊர் சிரிக்க ஆரம்பித்தது. வரைவில் ஒரு விதி இப்படி: ‘தலைவர் கட்டளையிட்டவுடன் அந்நியர் யாவரும் உடனே வெளியேற வேண்டும்.’ துறைமுகக் கேட்டில் அந்த வரிக்குக் கீழே மட்டும் எவனோ கரித்துண்டால் தடியாகக் கோடு போட்டு, பக்கத்தில் ‘எப்போ?’ என்று எழுதிவிட்டான். அந்நியர் என்றால் அந்தக் காலத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் அர்த்தம் தெரியும். கொடியைப் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாகக் கத்திய வார்த்தை அது. நகரசபையே வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லிவிட்டது என்று டீக்கடையில் பேச்சு. போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு வந்து, இந்த ராஜத்துரோக வாசகத்தை எழுதியது யார் என்று கேட்டார். மேனேஜர் பழைய தொகுப்பைத் திறந்து, லண்டன் வழக்கம் என்று முக்கால் மணிநேரம் விளக்கி அனுப்பினார். சப்-இன்ஸ்பெக்டர் போன பிறகு மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

இது ஒருபக்கம் நடக்க, எங்கள் தெருவில் வேறொரு பிரச்சினை கிளம்பியிருந்தது. அப்போது நான் கல்யாணமாகாதவன். அண்ணன் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். அண்ணனுக்குத் தெருமுனையில், வீட்டின் முன்கட்டிலேயே பலசரக்குக் கடை. கடைக்கு எதிரில் ஒரு தெருக்குழாய். தெரு முழுவதும் அந்த ஒரு குழாயை நம்பித்தான் உலை வைக்கும். கப்பல் சரக்கு ஏற்றுகிற ஒரு கம்பெனியின் லாரிகள் திரும்ப அந்த முனை குறுகலாக இருக்கிறது என்று, குழாயைப் பெயர்த்து மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சபையில் தீர்மானம் வர இருந்தது. அஜெண்டாவை டைப் அடித்தவன் நான். ஆபீஸ் வாசலில் ஒட்டிய அன்றே மதினி போய்ப் படித்துவிட்டு வந்துவிட்டாள்.

மதினி விளாத்திகுளத்துக் கரிசல்காட்டுப் பெண். கோடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டை சிரட்டையாகச் சுரண்டிக் குடம் நிரப்பிய ஊரிலிருந்து வந்தவள். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிற தெருவில் வாழ்க்கைப்பட்டதை அவள் பெரிய சீதனமாக நினைத்தாள். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தாள். அண்ணன் கடையில் பொட்டலம் மடிக்கிற பழைய பேப்பரில் ஒரு வரி விடாமல் படிப்பாள். வாய் கொஞ்சம் நீளம். அதாவது நான் அப்போது அப்படி நினைத்தேன். எங்களுக்கு அடுத்த வீட்டில் சங்கு குளிக்கிறவர் குடும்பம். முத்துச் சலாபம் என்கிற முத்துக்குளிப்பு நடந்து பல வருஷம், சங்குதான் அவர்களுக்குச் சோறு. அவர் கடலில் இறங்கிவிட்டால் அந்த வீட்டம்மாள்தான் எல்லாம். அவளுக்கு அப்போது எட்டு மாதம். குழாய் அந்தப் பக்கம் போனால், லாரியும் உப்பு வண்டியும் ஓயாத ரோட்டை அவள் வயிற்றோடும் குடத்தோடும் நாளைக்கு எட்டுத் தடவை தாண்ட வேண்டும். இதுதான் மதினியின் மனசில் உட்கார்ந்துகொண்டது. "இவ தாண்டுதத நாம பாத்துக்கிட்டு இருக்க முடியுமா தம்பி?" என்று என்னிடம் கேட்டாள். சபையில் மனுக் கொடுங்கள் என்றேன், பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி.

கொடுத்தார்கள். இருபது பெண்களுக்கு மேல், பாதிக் கையெழுத்து, பாதி ரேகை. அந்த மனு தபால் மேஜைக்கு வந்தது. மனுவில் வரி செலுத்துவோர் மட்டுமே கையொப்பமிடலாம் என்பது விதி. வீட்டு வரி வீட்டுக்காரர்கள் பேரில் இருந்தது, குடியிருக்கிறவர்கள் பேரில் இல்லை. பெண்கள் பேரில் ஒன்றுகூட இல்லை. மேனேஜர் சிவப்பு மசியில் ‘ஏற்பதற்கில்லை’ என்று எழுதினார். அதை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்து மதினி கையில் கொடுத்தேன். அவள் அதை இரண்டு தடவை படித்தாள். "சரி. மனுதானே கொடுக்கக் கூடாது. வந்து பாக்கலாம்லா?" என்றாள். பார்க்கலாம், பேசக் கூடாது என்றேன்.

கூட்டத்தன்று பிற்பகல் அவளும் இன்னும் ஐந்து பெண்களும் வந்தார்கள். சங்குக்காரர் வீட்டம்மாளும் மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்துவிட்டாள். சபைக் கூடத்துக்குப் பெண்கள் வருவது அதுவே முதல் தடவை. சேவகன் பின்பெஞ்சைக் காட்டினான். மதினி நிமிர்ந்து பலகையைப் படித்தாள். பிள்ளைத்தாய்ச்சியை மட்டும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் நின்றுகொண்டாள். அவள் நிற்பதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். சேர்மன் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "உக்காருங்கம்மா" என்றார்.

"எங்கன உக்கார ஐயா? அது அந்நியர் எடம்னுல்லா போட்டிருக்கு" என்றாள் மதினி.

மெம்பர்களில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். "அது சும்மா ஒரு வார்த்தைம்மா" என்றார் சேர்மன்.

"சும்மாப் போட்டதுன்னா அழிச்சிருங்க ஐயா. நாங்க உக்காந்துக்கிடுதோம்."

கமிட்டியில் இருந்த வக்கீல் மெம்பர் எழுந்து, பார்வையாளர் சபையில் பேசுவது விதிவிரோதம், வெளியேற்ற வேண்டும் என்றார். சேர்மன் மணியை அடித்துவிட்டு, விதியைத் தமிழில் படிக்கச் சொல்லி என்னைக் கைகாட்டினார். நான் எழுந்தேன். எனக்குச் சோறு போடுகிறவள் இருபதடி தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். "தலைவர் கட்டளையிட்டவுடன் அந்நியர் யாவரும் உடனே வெளியேற வேண்டும்" என்று படித்தேன். மதினி நிதானமாக, "நல்ல சட்டம்தான். வெளியேறட்டும்" என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டாள். சொல்லிவிட்டு, அந்த ஆள் எங்கே என்று தேடுகிற மாதிரிக் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். எல்லோர் கண்ணும் அவள் கண்ணின் பின்னாலேயே போயிற்று. போய் ஓரிடத்தில் நின்றது. சேர்மனுக்குப் பக்கத்தில் கை வைத்த நாற்காலியில், ரோடு அகலப்படுத்துவதை விளக்க வந்திருந்த கம்பெனியின் வெள்ளைக்கார என்ஜினீயர் உட்கார்ந்திருந்தார்.

அவர் அந்தக் கரையில் பல வருஷம் இருந்தவர். கூலிகளிடம் தமிழில் ஏசக் கற்றவர், ஆகவே நன்றாகவே தமிழ் தெரியும். மெல்லச் சிவந்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து, "அது நான்தான்" என்றார், மதினியைப் பார்த்து, ஒரு எழுத்துக் குழறாமல். வெளியே போய் வராந்தாவில் சுருட்டுப் பற்றவைத்துக்கொண்டார். விளக்கம் சொல்ல வந்தவரே போய்விட்டதால் அந்தத் தீர்மானத்தை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள். கூட்டம் கலைந்தது. பெண்கள் படியிறங்கிப் போகிறபோது சிரிப்பது மாடிவரை கேட்டது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் கத்தினேன். என் வேலைக்கு உலை வைத்துவிட்டீர்களே என்றேன். பத்துப் பேர் முன்னால் என் வார்த்தையைச் சந்தி சிரிக்க அடித்துவிட்டீர்கள் என்றேன். அண்ணன் கடையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு என்று திரும்பிக்கொண்டான். மதினி இலையைப் போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். நான் கையை வைத்த பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். ஒங்க பொஸ்தகத்துல சேர்மனுக்குப் பேரு இருக்கு. மெம்பருக்கு இருக்கு. காண்டிராக்டருக்கு இருக்கு. மாட்டுவண்டிக்காரனுக்குக்கூட இருக்கு. எனக்கு என்ன பேரு போட்டிருக்கீய?"

தொண்ணூற்றுச் சொச்சம் விதிகளும் எனக்கு மனப்பாடம். ஒவ்வொன்றாக மனசில் ஓட்டிப் பார்த்தேன். அவள் வரி செலுத்துவோர் இல்லை. வாக்காளர் பட்டியலில் இல்லை. உறுப்பினர் இல்லை, ஊழியர் இல்லை. அவள் வரக்கூடிய இடம் அந்தப் புத்தகத்தில் ஒன்றே ஒன்றுதான், அதற்கு நான் வைத்த பெயரும் ஒன்றுதான். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அப்போது எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது. "வார்த்தையிலே என்ன இருக்கு மதினி" என்று முனகினேன். "அதத்தான் நானும் கேக்கேன்" என்று சொல்லி ரசம் எடுக்கப் போய்விட்டாள்.

முப்பது நாள் கெடு முடிய நாலு நாள் இருக்கையில் அவள் தபால் மேஜைக்கு வந்தாள். முழுத்தாளில் பென்சிலால் எழுதிய ஆட்சேபணை. எழுத்து கொழுக்கட்டை கொழுக்கட்டையாக இருந்தது. மூன்றே வாக்கியம். ‘நாங்கள் இந்த ஊரில் குடியிருக்கிறோம். இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறோம். எங்களுக்கு வேறு பேர் போடவும்.’ நான் ரப்பர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டேன். ரசீது கேட்டாள், கொடுத்தேன். ஊர் முழுவதும் ஒட்டிய வரைவுக்கு வந்து சேர்ந்த ஆட்சேபணை அது ஒன்றுதான். சிரித்தவர்களில் ஒருத்தர்கூட எழுதவில்லை.

கமிட்டி கூடியது. மூன்று மெம்பர்கள், மேனேஜர், குறிப்பெடுக்க நான். வக்கீல் மெம்பர் காகிதத்தை இரண்டு விரலால் தள்ளிவிட்டு, எழுதியவள் வரி செலுத்துகிறவள் இல்லை, தள்ளுபடி என்றார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். என் நோட்டீஸைக் கையில் பிடித்திருந்தார். "இதிலே ‘ஊரார் எவரும் ஆட்சேபணை தெரிவிக்கலாம்’னு போட்டிருக்கு. ‘வரி செலுத்துவோர்’னு இல்லை. நம்ம நோட்டீஸ்படி இந்த மனு செல்லும்" என்றார். அவருக்கு மதினி மேல் பிரியம் ஒன்றும் கிடையாது. எழுதினது எழுதினதுதான், அவ்வளவே. பிறகு என் பக்கம் திரும்பி, "ஓய், இந்த வார்த்தை சரியா, தப்பா? நீர் சொல்லும்" என்றார்.

அகராதியைக் காட்டித் தப்பித்திருக்கலாம். லண்டனைக் காட்டியிருக்கலாம். "தப்பு. என் தப்பு" என்றேன். "என்ன போடணும்?" என்றார். மனுவைப் பார்த்தேன். அதில் இருந்தது. "குடியிருப்போர்" என்றேன்.

சரி, ஒரு வார்த்தைதானே, மாற்றிவிடலாம் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டார்கள். போலீஸ் வந்துபோன பிறகு அந்த வார்த்தையைத் தொலைத்தால் போதும் என்றுதான் அவர்களுக்கும் இருந்தது. மேனேஜர் விடவில்லை. ஒரு வார்த்தையை மாற்றினால் அது வருகிற விதி ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்து நிறைவேற்ற வேண்டும் என்றார். படித்தேன். ‘தலைவர் கட்டளையிட்டவுடன் குடியிருப்போர் யாவரும் உடனே வெளியேற வேண்டும்.’ ஒரு மெம்பர் நெளிந்தார். அடுத்தது, ‘குடியிருப்போர் சபையில் பேசலாகாது.’ அதைப் படித்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அந்நியர் பேசலாகாது என்று எழுதியிருந்தவரை அது நியாயமான விதியாகத்தான் காதில் விழுந்தது. இத்தனைக்கும் ஆள் மாறவில்லை, பேர்தான் மாறியது. அடுத்த எலெக்ஷனில் அதே தெருவில் கைகூப்பி நிற்க வேண்டியவர்கள், குடியிருப்போர் பேசக் கூடாது என்ற வரிக்குக் கீழே எந்தக் கையால் கையெழுத்துப் போடுவார்கள்? வக்கீல் மெம்பர் ஏதோ வாதாடினார், மற்ற இரண்டு பேரும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டார்கள். கலகம் செய்பவரை மட்டும் வெளியேற்றலாம் என்றாயிற்று. தம்மைப் பாதிக்கிற விஷயத்தில் குடியிருப்போர் எவரும் கையெழுத்தோ ரேகையோ வைத்துத் தமிழில் மனுக் கொடுக்கலாம், தீர்மானத்துக்கு முன் ஒருவர் ஐந்து நிமிஷம் பேசலாம் என்றும் ஆயிற்று. இரண்டு மாதம் நான் உட்கார்ந்து எழுதியதில் உருப்படியான விதிகள் என்று இன்றைக்கும் நான் சொல்லிக்கொள்வது இவை மட்டும்தான். அவற்றில் பாதி என்னுடையது இல்லை. மறுநாள் மேனேஜர் எனக்கு ஒரு மெமோ கொடுத்தார்: மொழிபெயர்ப்பில் கவனக்குறைவு. கொடுத்துவிட்டு, "காப்பி சாப்பிட வாரும்" என்றார். அதுவும் முதல் தடவை.

அடுத்த மாதக் கூட்டத்தில் மதினி புது விதிப்படி மனுப் போட்டுப் பேசினாள். பலகை இறக்கப்பட்டுவிட்டதால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சங்குக்காரர் வீட்டம்மாளுக்கு நாள் நெருங்கிவிட்டது, அவளால் மாடியேற முடியவில்லை. மதினி அவளுடைய செப்புக் குடத்தைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். "இது நெறஞ்சா என்ன பாரம்னு தூக்கிப் பாத்தவங்க யாரும் இங்கன இருக்கீயளா ஐயா? லாரிக்கு ரோடு வேண்டாம்னு நாங்க சொல்லல. லாரி திரும்புததுக்கு எடம் பாக்கீய. ஒரு நெறசூலி குடத்தோட திரும்ப எடம் பாத்தீயளா?" என்றாள். இன்னும் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பாள், அவ்வளவுதான். சேர்மன் கடியாரத்தைப் பார்த்து, இன்னும் மூன்று நிமிஷம் இருக்கிறதே அம்மா என்றார். "இருக்கட்டும் ஐயா. அடுத்த தடவைக்கு வச்சுக்கிடுதேன்" என்றாள். அந்தத் தடவை என்ஜினீயரும் சிரித்தார். முனையில் இருந்த கம்பெனியின் சரக்குக் கிட்டங்கிச் சுவரை இரண்டடி உள்ளே தள்ளிக் கட்டினால் போதும், குழாயைப் பத்தடி நகர்த்தி இதே பக்கத்தில் வைக்கலாம் என்று அவரே சொன்னார். தீர்மானம் அப்படியே நிறைவேறியது. பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. முதல் குளிப்பாட்டுக்குத் தண்ணீர் அந்தக் குழாயிலிருந்து மதினிதான் பிடித்துக்கொண்டு போனாள்.

பலகை ஸ்டோர் ரூமில் கிடந்தது. அடுத்த வருஷம் ஆகஸ்டில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த அன்று, அதை என்ன செய்யலாம் என்று மேனேஜரைக் கேட்டேன். "ஆட்சேபணை பண்ணினவாளுக்கே கொடுத்துடும். முறை அதுதான்" என்றார். அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பது அவருக்கும் தெரியும். நான் தோளில் சுமந்துகொண்டு போய் மதினி முன்னால் வைத்தேன். அவள் புரட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, "நல்ல தேக்கு" என்றாள். புதிதாகக் கட்டிய தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லாமல் இருந்தது. அளந்து செய்ததுபோலப் பொருந்தியது. அன்று சாயங்காலம் தாகமாகத் தொட்டிப் பக்கம் போன என்னைப் பார்த்து, "தம்பி, அந்நியர வெளியேத்திட்டுத் தண்ணியக் குடிங்க" என்றாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல். அண்ணன் கடையிலிருந்து வெடித்துச் சிரித்தான்.

அப்படித்தான் எங்கள் வீட்டில் மூடிக்கு அந்நியர் என்று பெயர் வந்தது. பிள்ளைகள் பிறந்தார்கள், அவர்களும் அப்படியே சொல்லிப் பழகினார்கள். ஏன் என்று கேட்கவில்லை. உலக்கைக்கு ஏன் உலக்கை என்று யார் கேட்கிறார்கள்? மதினி போய் ஆறு வருஷமாகிறது. கடைசி வரைக்கும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது சபைக்குப் போய் ஐந்து நிமிஷம் பேசுவாள். தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக்கூடத்துக் கூரை என்று ஏதாவது இருக்கும். சேமித்து வைத்த மூன்று நிமிஷத்தையும் சேர்த்து எட்டு நிமிஷம் கொடு என்று புதுச் சேர்மன்களிடம் சண்டை பிடிப்பாள். எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வெகுநாள் இருந்தது, கேட்காமலேயே விட்டுவிட்டேன். அது மட்டும் இன்றைக்கும் உறுத்துகிறது.

இதையெல்லாம் சொல்லி முடித்தபோது கோயம்புத்தூர்ப் பெண்ணின் கண் காய்ந்திருந்தது. பலகையின் எழுத்துக்களை விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் அதைத் தூக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு, செம்பை முக்கி எடுத்துக் கடகடவென்று குடித்தாள். பாவம், எவ்வளவு நேரத் தாகமோ. அந்த நேரம் பார்த்து அவள் புருஷன் வெயிலில் அலைந்துவிட்டு வந்து, தண்ணீர் கொண்டு வா என்று கூடத்திலிருந்தே அதிகாரமாகக் கூப்பிட்டான். அவள் பலகையை எடுத்துத் தொட்டியை மூடினாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, அடுக்களையில் இருந்த மாமியாருக்கும் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினாள்.

"நீங்களே வந்து அந்நியரை வெளிய வெச்சிட்டு மோந்து குடிங்க. நான் இந்த ஊட்டுக்காரிங்க."